பந்தியில் உட்கார்ந்த வைரஸ்

“துப்பறியப் போறவன் எவனாவது வெள்ளச் சட்ட போட்டுக்கினு வருவானா?” என்று கேட்டாள் அம்சவள்ளி. பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது.

“மத்ததெல்லாம் ஊறப்போட்டிருக்குதுக்கா. இது ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போடற சட்ட,” என்றான் லூர்துராஜ். “மலையில நாலு பேரு மதிக்கணும் இல்ல?”

“மதிப்பாங்க. பொட்டியில ஐஸ் விக்கறவன்னு நெனச்சுக்கினு.”

லூர்துராஜ் வளைவில் பஸ் சாய்ந்ததில் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தான். கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியே வலது தோள் இறங்கிப்போனவன் அவன். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று யாரோ சொன்னதை நம்பி அம்சவள்ளி துப்பறியும் நிலையத்தில் உதவியாளாகச் சேர்ந்தான். சேர்ந்ததிலிருந்து அவன் உட்கார்ந்தது பஸ்ஸில் மட்டும்தான். அதுவும் சீட்டு கிடைத்தால்.

அம்சவள்ளி துப்பறிவதற்கென்று எங்கேயும் போய்ப் படித்தவள் இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி மேற்பார்வை பார்த்தவள். அழைக்காமல் சாப்பிட வருகிறவனை இலை போடுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்து, பக்கத்து இலைக்காரனுக்குக்கூடத் தெரியாமல் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். அப்பேர்ப்பட்ட கண் சாம்பார் வாளியோடு முடிந்துபோகக் கூடாது என்றுதான் டயர் கடை மாடியில் போர்டு மாட்டினாள்.

இன்றைய கேஸ் வெள்ளிமலையில். தனுஷா என்ற பெண், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து திரும்பி வந்து கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். போன வாரம் ஒரே நாள் காலையில் அந்தத் தெருவில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் கிட்டத்தட்ட எல்லாம் காலியாகிவிட்டன. போட்டோ இல்லை, பேனர் டிசைன் இல்லை, ஒன்றும் இல்லை. வைரஸ் தனுஷா கடையில் இருந்துதான் வந்தது என்று தெருவே சொல்கிறது. கட்டடம் வியாபாரிகள் சங்கத்தினுடையது. இன்று சாயந்திரம் கூட்டம் போட்டு அவளுடைய கடையைப் பூட்டப்போகிறார்கள். பூட்டினால் அவளுக்குத் திரும்பவும் பனியன் கம்பெனி ஹாஸ்டல்தான்.

“அக்கா, வைரஸுக்கு மருந்து நம்ம கையிலயே இருக்குது. அப்புறம் எதுக்குத் துப்பு?” என்று லூர்துராஜ் சட்டைப் பாக்கெட்டைத் தட்டினான்.

பாக்கெட்டில் இருந்தது ஒரு பென் டிரைவ். காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ கந்தசாமி கொடுத்தனுப்பியது. மலைக்கு வாரம் ஒரு முறை போய்க் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர். ஹெல்மெட்டில்கூட சிவப்புக் கலரில் கூட்டல் குறி போட்டிருப்பார். “நான் மத்தியானமா வண்டியில வரேன். அதுக்குள்ள நீங்க போற கடைக்கெல்லாம் ஒரு டோஸ் போட்டுடுங்க. அதுல மருந்துன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், தட்டினா போதும். கடையில இருக்கற பழைய ஆன்டிவைரஸ மட்டும் மொதல்ல நிறுத்திடுங்க. ரெண்டும் சண்ட போட்டுக்கும்,” என்று சொல்லியிருந்தார்.

“அதெல்லாம் சரிங்க, ஆயுத பூஜைக்கு மின்னாடி ரிப்பேருக்குக் குடுத்தேனே, என் பென் டிரைவு இன்னாச்சு?” என்று லூர்துராஜ் அப்போதே கேட்டான். “ஒரு புதுப்படம் ஏத்தினு வந்தேன். எவ்ளோ தட்டினாலும் ஓடலன்னு சொன்னேன் இல்ல?”

“பையில கீது. மேல வரும்போது தரேன்,” என்று சொல்லிவிட்டுக் கந்தசாமி டீ குடிக்கப் போய்விட்டார்.

தனுஷா கடை வாசலிலேயே நின்றிருந்தாள். தூங்காத கண். லூர்துராஜ் பென் டிரைவை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

“அண்ணே, தயவு செஞ்சு என் கம்ப்யூட்டர்ல எதையும் செருகாதீங்க. ராத்திரி பூரா உக்காந்து எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டிருக்கேன்.”

“நல்லதுதான பண்ணியிருக்க?”

“எங்கண்ணே! திருடின சாமான ஒளிச்சுட்டேன்னு சொல்றாங்க.” அவள் அம்சவள்ளி பக்கம் திரும்பினாள். “அக்கா, எல்லார் கம்ப்யூட்டர்லயும் என் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்குது. தனுஷான்னு. நான் வெக்கல. ஆனா இருக்குதே, நான் இன்னா சொல்றது?”

அம்சவள்ளி வெற்றிலையை மடித்தாள். “திருடப் போன வூட்டு செவுத்துல எவளாவது தன் பேர எழுதி வெச்சுட்டு வருவாளா? மொதல்ல அந்த ஃபோல்டர காட்டு.”

தனுஷாவும் கூட வர, தன் கம்ப்யூட்டரில் அதைக் காட்டியவர் போட்டோ ஸ்டூடியோ வெங்கடேசன். சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அவர் கையில் அட்டைப்பெட்டியில் இருந்து பிரித்த புதுப் பூட்டு ஒன்று இருந்தது. பேசும்போதெல்லாம் அதை ஆட்டினார்.

“ஒரு கல்யாணத்துப் போட்டோ பூரா போச்சுங்க! தாலி கட்டினது போச்சு. பொண்ணோட அப்பா வந்து, திரும்பக் கல்யாணம் பண்ணி வெக்கறேன், நீ வந்து எடுன்றாரு. மாப்ள முடியாதுன்றான்!”

“ஏனாம்?” என்றான் லூர்துராஜ்.

“ஒரு தடவையே போதும்னுட்டான்.”

அம்சவள்ளி சிரிக்கவில்லை. “போறதுக்கு மின்னாடி எதுனா தெரிஞ்சுதா?”

“ஒண்ணுமே தெரியலீங்க. ஃபோல்டர தட்டுனா தொறந்துச்சு, போட்டோ இருந்துச்சு. ஆன்டிவைரஸும் பச்சக் கலர் டிக்கு காட்டிக்கினே தான் இருந்துச்சு. திடீர்னு அன்னைக்குக் காலையில தெருவுக்கே காலி.”

“அது வந்த நாளு வேற, வேலைய காட்டின நாளு வேற,” என்றாள் தனுஷா மெதுவாக. “சில வைரஸு ஒரு தேதி வரைக்கும் சும்மா படுத்திருக்கும்க்கா. நாம வெச்சிருக்கற ஃபோல்டர மறைச்சுட்டு, அதே பேரோட, அதே படத்தோட அந்த எடத்துல தான் உக்காந்துக்கும். நாம தட்டினா அது ஒரு தபா எழுந்து தன் வேலைய பாத்துட்டு, நெஜ ஃபோல்டரையும் தொறந்து விட்டுடும். நமக்குச் சந்தேகமே வராது. தேதி வந்ததும் கதவ சாத்திடும். இந்தத் தேதி தாண்டிட்டதால, இனிமே எங்க போனாலும் ஒடனே சாத்திடும்.”

“அப்போ அந்தப் பச்சக் கலர் டிக்கு எதுக்கு? அழகுக்கா?” என்றான் லூர்துராஜ்.

“ஆன்டிவைரஸு திருடன் போட்டோவ வெச்சுக்கினு வாசல்ல நிக்கற மாதிரிண்ணே. இங்க நெட்டு சரியா வராது, புதுப் போட்டோ வர்றதில்ல. இதுவும் ஒவ்வொரு தபா தன்னக் காப்பி எடுக்கும்போது உருவத்தக் கொஞ்சம் மாத்திக்குது.”

அம்சவள்ளி வெற்றிலையை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். ஊரில் புதிதாக வந்த விஷயம் எதுவுமில்லை என்பது போல இருந்தது அவள் முகம்.

“இவன எனக்குத் தெரியும்,” என்றாள். “பொண்ணு வூட்டுக்காரன் பாத்தா மாப்ள வூட்டு ஆளும்பான். மாப்ள வூட்டுக்காரன் பாத்தா பொண்ணு வூட்டு ஆளும்பான். இவன் நடுவுல உக்காந்துக்கினு ரெண்டாவது தபா பாயசம் வாங்குவான். மண்டபத்துக்கு மண்டபம் சட்டைய மாத்திக்குவான்.”

“எப்பிடிக்கா புடிப்பீங்க?” என்றாள் தனுஷா.

“மூஞ்சியப் பாத்தா புடிக்க முடியாது. வாசல் தாண்டும்போது கூட வந்தது யாருன்னு பாப்பேன். எவங்கூடவாவது பேசிக்கினே தான் உள்ள வருவான்.” அவள் வெங்கடேசனைப் பார்த்தாள். “காலியாகறதுக்கு மின்னாடி தெருவுக்கு யாரு வந்தாங்க?”

“வெளியாளு யாரும் இல்ல. எங்க டாக்டர் மட்டும் பூஜ முடிஞ்ச கையோட வந்து, முன்ஜாக்கிரதையா எல்லாருக்கும் மருந்து போட்டுட்டுப் போனாரு. அதனால தான் இந்த அளவோட நின்னுச்சு.”

“எல்லாமே காலின்னீங்க. இன்னும் எந்த அளவுக்குப் போவணும்?” என்றான் லூர்துராஜ். வெங்கடேசன் பூட்டை ஆட்டினார். லூர்துராஜ் சமாதானமாகப் பென் டிரைவை எடுத்து, டாக்டர் சொன்னபடியே ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு ஒரு டோஸ் போட்டான். ‘நோய் எதுவும் இல்லை’ என்று திரையில் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கம்ப்யூட்டர் அவன் பேச்சைக் கேட்டிருக்கிறது. அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

தெருவில் அன்றைக்குக் கெடாமல் தப்பியது ஒரே ஒரு கம்ப்யூட்டர். டெய்லர் கிரேஸ் கடையில், ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி டிசைன் போடுவதற்கு வைத்திருந்தது. கிரேஸ் கழுத்தில் டேப்பும் வாயில் ஊசியுமாகப் பேசினாள்.

“டாக்டர நான் உள்ளயே வுடல. வந்தா செருப்போட மெதிப்பாரு, துணியெல்லாம் கெடக்கற எடம்.”

கிரேஸும் தன்னைப்போலச் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் லூர்துராஜுக்கு உரிமை வந்துவிட்டது. “செருப்ப நான் வெளியவே வுட்டுட்டேன் பாருங்க சிஸ்டர். வராம தடுக்கறது நல்லதில்லியா?” என்று சொல்லி அங்கேயும் ஒரு டோஸ் போட்டான். அம்சவள்ளி அப்போது வாசலில் வெற்றிலை துப்பப் போயிருந்தாள்.

பிறகு இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தார்கள். லூர்துராஜ் மூன்றாவது கவளத்தில் இருந்தபோது கிரேஸின் குரல் தெருவைக் கிழித்தது.

“ஐயோ, என் மயிலு! என் மயிலெல்லாம் போச்சே!”

எம்பிராய்டரி மயில் டிசைன்கள் அத்தனையும் காலி. அவற்றின் பக்கத்தில் ‘தனுஷா’ என்று ஒரு ஃபோல்டர்.

அதற்கப்புறம் சாயந்திரம் வரைக்கும் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. கூட்டம் தனுஷா கடை வாசலிலேயே கூடிவிட்டது. வெங்கடேசன் பூட்டோடு முன்னால் நின்றார். “இந்தப் பொண்ணு துப்பறியற ஆளுங்கள கூட்டியாந்தா. அவங்க போன கடையில நோயி வருது. இதுக்கு மேல இன்னா வேணும்? சாவியக் குடும்மா!”

தனுஷா சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ஆனால் விரல் வெளுத்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் லூர்துராஜ் அம்சவள்ளி பக்கம் திரும்பினான்.

“அக்கா, எதுனா சொல்லுங்கக்கா.”

அம்சவள்ளி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை இல்லை, சட்டையை. “பாக்கெட்டுல இன்னாடா மஞ்சளா?”

லூர்துராஜ் குனிந்தான். வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் கறை. “எலுமிச்ச சாதம் கொட்டிக்கிச்சு போல.”

அவள் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். “எலுமிச்ச சாதத்துல எவன்டா ஜவ்வாது போடுவான்?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்சவள்ளி கொண்டையில் இருந்து ஊசியை உருவிக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குள் போனாள். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் பொந்தை ஊசியால் மெல்ல நோண்டினாள். மஞ்சளாக ஒரு பொடி உதிர்ந்தது. எதிர்க் கடையில் நோண்டினாள், அங்கேயும் உதிர்ந்தது. கிரேஸ் கடையில் ஈரம்கூடக் காயாமல் வந்தது. ஊசியை எல்லோர் மூக்குக்கும் காட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

“சந்தனம். நோயி வந்த எல்லா கம்ப்யூட்டர் வாயிலயும் சந்தனம். இவன் பாக்கெட்டுலயும் சந்தனம். இவன் சந்தனம் பூசறவன் கிடையாது. லூர்து, கூட வந்தது யாருன்னு தெரியுதா?”

லூர்துராஜ் பாக்கெட்டில் இருந்து மருந்துப் பென் டிரைவை எடுத்தான். அதன் முதுகில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். காலையில் இருந்து அவனுடைய வேர்வையில் ஊறிப் பாதி கரைந்திருந்தது. செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தான்.

“அக்கா… மருந்தே இதான்னு சொன்னாரே!”

சரியாக அந்த நேரத்துக்குக் கூட்டல் குறி போட்ட ஹெல்மெட்டோடு கந்தசாமி வண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து, தனக்கு மாலை போடத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“டாக்டரே, இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?” என்றாள் அம்சவள்ளி.

“நான் தான். ஆயுத பூஜைக்குத் தொழில் சாமான வெச்சுக் கும்புடறது இல்லியா? தட்டு நெறைய பென் டிரைவ அடுக்கி வெச்சேன். என்னோடது, ரிப்பேருக்கு வந்தது எல்லாம். என்னோடதுக்கு மட்டும் சந்தனத்த தொடைக்கல, ராசி போயிடும்.”

“பூஜையில வெச்சத மறுநாளு இன்னா பண்ணுவீங்க?”

“ஒரு தடவையாவது வேலைக்கு எடுக்கணும் இல்ல? தச்சருன்னா ஒரு கட்டைய அறுப்பாரு. டைலருன்னா ஒரு தையல் போடுவாங்க. நான் நல்ல நேரம் பாத்து ஒண்ணொண்ணா என் கடை கம்ப்யூட்டர்ல செருகித் தொறந்து பாத்துட்டு எடுத்தேன்.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும்! ஒண்ண வுட்டாலும் தொழில் படுத்துக்கும்ங்க.”

தனுஷா முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். “அண்ணே, என் பென் டிரைவும் அந்தத் தட்டுல தான இருந்துச்சு? ரிப்பேருக்குக் குடுத்தேனே!”

“ஆமாம்மா. உன் பேர்ல ஒரு ஃபோல்டர் கூட இருந்துச்சே.”

“போதும்,” என்றாள் அம்சவள்ளி. “அந்த வைரஸு இவ பேர எடுத்துத் தனக்கு வெச்சுக்கினு ஊர் பூரா சுத்தியிருக்குது. வேட்டியத் திருடிக் கட்டிக்கினு சுத்தினவன வுட்டுட்டு, வேட்டிய பறிகுடுத்தவன புடிச்சுக்கினு கூச்சல் போட்டீங்க.”

“மருந்துல எப்பிடிங்க நோயி வரும்?” கந்தசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “என் மருந்து அப்பிடியே தான் கீது!”

“பாத்துடலாம்ண்ணே,” என்று தனுஷா உள்ளே போனாள். கெடாமல் தெருவில் மிச்சம் இருந்தது, ராத்திரி முழுவதும் உட்கார்ந்து அவள் சுத்தம் செய்த அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். பென் டிரைவைச் செருகினாள். எதையும் தட்டவில்லை. “நோயி வந்த மிஷின்ல இத பாக்க வுடாது. தேடற கண்ண மொதல்ல கட்டிடும். இதுல பாக்கலாம்.” மறைந்திருப்பதைக் காட்டு, பேரின் வாலைக் காட்டு என்று இரண்டு இடத்தில் மட்டும் மாற்றினாள்.

ஒரே ‘மருந்து’ இருந்த இடத்தில் இரண்டு ‘மருந்து’ தெரிந்தது. ஒன்று மங்கலாக, ஓரமாக, பேய் மாதிரி. இன்னொன்று பளிச்சென்று ஃபோல்டர் முகத்தோடு. ஆனால் பேருக்குப் பின்னால் ஃபோல்டருக்கு இருக்கக் கூடாத ‘.exe’ என்ற வால் ஒன்று தொங்கியது.

“மங்கலா இருக்கறது தான் உங்க மருந்து. வாலு வெச்சது தான் அவன். நீங்க தட்டறப்ப மொதல்ல எழுந்துக்கறவன் அவன். அதுக்கும் மின்னாடி வாசல்ல நிக்கற காவக்காரனையும் நீங்களே படுக்க வெச்சுடறீங்க.”

“நடமாடற பந்தி. அவனுக்கு எலைய போட்டு நீங்களே கடைக்குக் கடை தூக்கினு போயிருக்கீங்க,” என்றாள் அம்சவள்ளி.

கந்தசாமி ஹெல்மெட்டைக் கழற்றி, அதில் இருந்த கூட்டல் குறியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“அப்போ என் போட்டோ?” வெங்கடேசன் திரைக்குக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“எங்கயும் போகல. இதே மாதிரி மங்கலா உள்ளயே தான் இருக்கும். ஒண்ணொண்ணா வாலு வெச்சத கழட்டிட்டு வெளிய எடுக்கணும். தாலியும் வரும், கிரேஸ் அக்கா மயிலும் வரும்,” என்றாள் தனுஷா.

வெங்கடேசன் பூட்டைப் பார்த்தார். பிறகு அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். கனம் தாங்காமல் வேட்டி இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அவரே, “சாவிய நீயே வெச்சுக்கம்மா,” என்றார். தனுஷா சாவிக்கொத்தை இடுப்பில் சொருகினாள். அப்போதுதான் அழுதாள்.

லூர்துராஜுக்கு ஒரே சந்தோஷம். கந்தசாமியின் முதுகில் தட்டினான். “இவ்ளோ பெரிய வேலைய பண்ணிட்டு ராசின்றீங்களே! அந்தத் தட்டுக்கு நோயக் கொண்டாந்தவன் எவன்? அவன மொதல்ல புடிக்கணும்க்கா!”

அம்சவள்ளி கந்தசாமியைக் கேட்டாள். “மறுநாளு மொதல்ல எதச் செருகினீங்க?”

“செகப்பு மங்களகரமா இருக்கும்னு அத எடுத்தேன். மேல சிலுவ ஸ்டிக்கர் கூட ஒட்டியிருந்துச்சு. இந்தா, திருப்பிக் குடுக்கத் தான் கொண்டாந்தேன்.” கந்தசாமி பையில் இருந்து எடுத்து லூர்துராஜின் கையில் வைத்தார்.

லூர்துராஜ் கையை மூடுவதற்குள் தனுஷா அதை வாங்கிக்கொண்டாள். அதையும் தட்டாமல் பார்த்தாள். பாட்டெல்லாம் பாட்டாகத்தான் இருந்தது. நடுவில் அந்தப் புதுப்படம், எவ்வளவு தட்டியும் ஓடாத படம், பேருக்குப் பின்னால் அதே வாலோடு இருந்தது.

“ஓடலன்னு எத்தினி தபா தட்டின?” என்றாள் அம்சவள்ளி.

“ஒரு… அது ஓடலியேன்ற ஆத்திரத்துல…” லூர்துராஜ் சுற்றிலும் பார்த்தான். போவதற்கு வழி இருந்தது ஒரு பக்கம்தான். அங்கே கிரேஸ் கத்தரிக்கோலோடு நின்றிருந்தாள்.

தீர்ப்பை அம்சவள்ளியே சொன்னாள். கெட்டுப்போன கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தனுஷா கடைக்குக் கொண்டுவர வேண்டும். அவள் உட்கார்ந்து சரி செய்வாள். கொண்டுவந்து, சரியானதும் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறவன் லூர்துராஜ்.

“அக்கா, எனக்குத் தோளு…”

“எடது தோளு சும்மா தான இருக்குது?”

முதல் பெட்டியை ஸ்டூடியோவில் இருந்து இடது தோளில் ஏற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு லூர்துராஜ் கடைத்தெருவில் நடந்தான். சந்தைக்கு வந்திருந்த ஒரு அம்மாள், கூட வந்த பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“ஐஸு! இந்தாப்பா ஐஸு! நில்லு, கொழந்தைக்குப் பால் ஐஸு ஒண்ணு குடு!”